ஒரே புல்வெளி, பல பெயர்கள்

தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையொன்று 2011ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பாதுகாப்புத் துறையின் நிலங்கள் எவ்வாறு நிர்வகிக்கப்படுகின்றன என்பதே அதன் பொருள். இராணுவ நிலங்களில் 97 கோல்ஃப் மைதானங்கள் இயங்கி வருவதையும், அவை 8,000 ஏக்கருக்கும் மிகுதியான பரப்பைக் கொண்டிருப்பதையும் அவ்வறிக்கை நாட்டுக்கு அறிவித்தது. இராணுவத்தின் ஏடுகளிலோ 'கோல்ஃப் மைதானம்' என்ற பெயரே இல்லை. 'இராணுவச் சுற்றுச்சூழல் பூங்காவும் பயிற்சிப் பகுதியும்' என்பதே அந்நிலங்களுக்கு அங்கு வழங்கிய பெயர். இராணுவத்தினர் அல்லாதாருக்கும் கட்டணம் பெற்று உறுப்பினர் தகுதி வழங்கப்பட்டதையும், அதனால் வந்த வருவாய் அரசுக் கருவூலத்தைச் சென்றடையாததையும் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார்.

இப்பெயர் மாற்றம் இராணுவத்தோடு நிற்கும் வழக்கமன்று. அரசிடம் நிலக் குத்தகை கேட்கும்போது கோல்ஃப் ஒரு விளையாட்டு. வரி அதிகாரியின் முன் அது நண்பர்கள் தமக்குள் நடத்திக்கொள்ளும் சங்கம். தொழிலாளி ஊதிய உயர்வு கேட்டால் அது தொழிலே அன்று. அடுக்குமாடி வீடு விற்கையில் அது சன்னலுக்கு வெளியே விரியும் பசுமை. முதலீட்டாளரைக் கண்டால் மட்டும் அது தன் உண்மைப் பெயரைக் கூறிக்கொள்கிறது: கோல்ஃப் தொழில்.

விலைவாசியும் வேலையின்மையும் மக்களை வாட்டும் வேளையில், உழைக்கும் மக்களின் வார ஏடு செல்வந்தர் ஆட்டத்தைப் பற்றித் தலையங்கம் தீட்டுவானேன் எனத் தோழர்கள் கேட்கக்கூடும். இந்த ஆட்டம் நிலத்தின் மீதும் நீரின் மீதும் உழைப்பின் மீதும் நடக்கிறது. நிலத்திலும் நீரிலும் பெரும்பகுதி பொதுச் சொத்து. உழைப்போ நம் வர்க்கத்தினுடையது. ஆகவே அதன் கணக்கைக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

உலகச் சந்தையின் போக்கு

உலகில் ஏறத்தாழ 38,000 கோல்ஃப் மைதானங்கள் உள்ளன. அவற்றுள் சுமார் 16,000 அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் இருக்கின்றன. வீட்டுமனைகளின் விலையை உயர்த்தும் பொருட்டு அந்நாட்டில் வரைமுறையின்றி மைதானங்கள் அமைக்கப்பட்டன. விளைவாக, 2006 தொடங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்குத் திறக்கப்பட்டவற்றைக் காட்டிலும் மூடப்பட்டவையே மிகுதியாயின. 2020இன் பெருந்தொற்று இப்போக்கைத் திருப்பியது. திறந்த வெளியில் விலகி நின்று ஆடக்கூடிய ஆட்டம் என்பதால் ஆடுவோர் தொகை பெருகியது. புதிதாக வந்தோரில் பெரும்பகுதியினர் புல்வெளிக்கே வருவதில்லை. திரையின் முன் பந்தடிக்கும் கூடங்களும், உணவும் மதுவும் பரிமாறப்படும் பந்தடி அரங்குகளும் அங்கு மைதானங்களைவிட மிகுந்த கூட்டத்தை ஈர்க்கின்றன. 2025 சனவரியில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கெனவே உள்ளரங்கத் திரை ஆட்டத் தொடர் ஒன்று தொடங்கப்பட்டது.

ஆட்டத்தை ஆள்வது யார் என்பதிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியம் 2022இல் போட்டித் தொடர் ஒன்றைத் தொடங்கி, பெரும் பணம் கொடுத்து ஆட்டக்காரர்களைத் தன்பால் இழுத்தது. அதனைக் கடுமையாகக் கண்டித்து வந்த அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம், 2023 சூனில் அதே நிதியத்துடன் உடன்பாட்டுக்கு இணங்கியது. அடுத்த சனவரியில் அமெரிக்கப் பெருஞ்செல்வர்களின் கூட்டமைப்பொன்று அச்சங்கத்தின் வணிகப் பிரிவில் 150 கோடி டாலர் முதலிட முன்வந்தது. 2025 அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் 40 இலட்சம் டாலர் பரிசுத் தொகையுடன் நடந்த பன்னாட்டுப் போட்டி, நவ சேவா, சென்னை, கொச்சி துறைமுகங்களில் சரக்குப் பெட்டக முனையங்களை நடத்தும் துபாய் நிறுவனமான டிபி வேர்ல்டின் பெயரைத் தாங்கியிருந்தது.

மைதானங்களை நடத்தும் முறையில் இரண்டு போக்குகள் மேலோங்கி நிற்கின்றன. முதலாவது, ஆட்குறைப்பு. பராமரிப்புச் செலவில் மிகப் பெரும் பங்கு கூலியே என்பதால், தானே இயங்கிப் புல்வெட்டும் எந்திரங்களும், செயற்கைக்கோள் வழிகாட்டலில் மருந்து தெளிக்கும் வண்டிகளும், ஆட்டக்காரரையும் அவர் பையையும் ஏற்றிச் செல்லும் மின்கல வண்டிகளும் புகுத்தப்படுகின்றன. இரண்டாவது, நீர்ச் சிக்கனம். மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகள், வறட்சியைத் தாங்கும் புல் வகைகள், நீர் பாய்ச்சும் பரப்பைக் குறைத்தல், சுத்திகரித்த கழிவுநீர் ஆகியவற்றின் துணையால், 2005க்கும் 2020க்கும் இடையில் அமெரிக்க மைதானங்களின் நீர்ச்செலவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததாக அந்நாட்டுப் பராமரிப்பாளர் சங்கத்தின் கணக்கெடுப்பு காட்டுகிறது. நீர் வழங்கும் வாரியங்களும் கட்டணமும் நெருக்கியதில் அங்கு நீர் மிச்சமாயிற்று. இந்தியாவில் அந்த நெருக்குதலைக் காண்பது அரிது.

பாளையத்திலிருந்து மாளிகைக்கு

இந்த ஆட்டம் நம் நாட்டுக்கு வந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில். 1829இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட கிளப், பிரிட்டானியத் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ஃப் கிளப்புகளில் மிகப் பழமையானது. பெங்களூருவில் 1876இல் மற்றொன்று எழுந்தது. படைப் பாளையங்களும் மலை வாழிடங்களும் சுரங்க நகரங்களும் அமைந்த இடமெல்லாம் அதிகாரிகளுக்கெனப் புல்வெளி விரிக்கப்பட்டது. கோலார் தங்க வயலில் பிறந்து வளர்ந்த தோழர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஜான் டெய்லர் கம்பெனியின் அதிகாரிகளுக்குப் பங்களாவும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும். தங்கத்தை வெட்டியெடுத்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது தெருவில் நின்றவர்கள் கொட்டகையில் வாழ்ந்தவர்களே.

தாராளமயக் காலத்தில் பழைய கிளப்போடு புதிய வணிகமும் சேர்ந்தது. குருகிராமில் மைதானம் ஒன்றை மையமாகக் கொண்டு சொகுசுக் குடியிருப்புகள் எழுந்தன. ஒரு நெடுஞ்சாலைக்கே 'கோல்ஃப் மைதானச் சாலை' எனப் பெயர் வந்தது. அச்சாலையில் உள்ள டிஎல்எஃப் நிறுவனத்தின் கேமலியாஸ் குடியிருப்பில் மேல்தள வீடு ஒன்று 2024 டிசம்பரில் 190 கோடி ரூபாய்க்கு விற்பனையானது. அங்கெல்லாம் வீடுகள் விலைபோவதற்கான விளம்பரமாகவே புல்வெளி பயன்படுகிறது. கோல்ஃப் ஆடாதவரும் அதன் காட்சிக்கு விலை கொடுக்கிறார். ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகமோ 'கோல்ஃப் சுற்றுலா'வை ஊக்குவிப்பதற்கு வழிகாட்டு நெறிகள் வகுத்து நிதியுதவியும் அளிக்கிறது.

அதே சாலையின் மாளிகைகளில் பாத்திரம் துலக்குவோரும் குப்பை அள்ளுவோரும் பக்கத்துச் சேரிகளில் வாழ்கின்றனர். 2025 சூலையில் குருகிராம் காவல்துறை, வங்க மொழி பேசும் புலம்பெயர் தொழிலாளர்களை வங்கதேசத்தவர் என்ற ஐயத்தின் பேரில் பிடித்துச் சென்று தடுப்பு மையங்களில் வைத்தது. அஞ்சிய குடும்பங்கள் பல தட்டுமுட்டுப் பொருள்களோடு ஊர் திரும்பின. வீட்டு வேலைக்கு ஆளின்றியும் குப்பை அள்ளப்படாமலும் மாளிகைவாசிகள் திண்டாடிய செய்திகளை அப்போது நாளேடுகள் வெளியிட்டன. அவர்கள் சென்ற பின்னரே அவர்களின் உழைப்பு அந்நகரின் கண்ணில் பட்டது.

டெல்லியின் நடுவில், அரசுக் குத்தகையில் சுமார் 180 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள கிளப்பில் 2017இல் நிகழ்ந்ததையும் நினைவிற் கொள்ள வேண்டும். விருந்துக்கு அழைக்கப்பட்டு வந்திருந்த மேகாலயத்துக் காசிப் பழங்குடிப் பெண் ஒருவர், தம் மரபான உடையில் இருந்த காரணத்தால் 'வேலைக்காரி போலத் தோன்றுகிறார்' எனக் கூறப்பட்டு வெளியேறப் பணிக்கப்பட்டார். நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னர் கிளப் மன்னிப்புக் கோரியது. மக்களுக்குச் சொந்தமான நிலத்தில் நின்றுகொண்டு, அந்த மக்களில் ஒருவரை நோக்கி 'உனக்கு இங்கு இடமில்லை' என்று கூறும் துணிவு, நிலத்தின் உடைமையாளர் யார் என்பதே மறக்கப்பட்டதால் வந்தது.

சட்டத்தின் முன் மூன்று முகங்கள்

பெயர் மாற்றத்தால் யாருக்கு என்ன ஆதாயம் என்பதை நீதிமன்றத் தீர்ப்புகளைக் கொண்டே விளக்கலாம்.

கிளப்பும் அதன் உறுப்பினர்களும் ஒருவரே. தனக்குத் தானே ஒருவர் பொருள் விற்க இயலாது. எனவே உறுப்பினருக்கு வழங்கும் உணவுக்கும் மதுவுக்கும் விற்பனை வரி இல்லை என்பது கிளப்புகள் நெடுங்காலமாக முன்வைத்து வரும் வாதம். கல்கத்தா கிளப் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. பிறகு 2021ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், சரக்கு சேவை வரிச் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தி, கிளப்பும் உறுப்பினரும் வெவ்வேறு நபர்களே என எழுத வேண்டியதாயிற்று.

தொழிலாளர் முன் காட்டும் முகம் இன்னும் பழையது. சென்னை ஜிம்கானா கிளப்பின் ஊழியர் சங்கம் தொடுத்த வழக்கில், அந்தக் கிளப் 'தொழில்' என்ற வரையறைக்குள் வராது என 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிண்டியில் கோல்ஃப் மைதானத்தையும் நடத்திவந்த அமைப்பு அது. தொழில் அன்று என்றால் தொழிற்தகராறுச் சட்டம் அங்குச் செல்லாது; அங்கு வேலை செய்வோர் அச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோர இயலாது. பதினொரு ஆண்டுகள் கழித்து, பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் எழுவர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. முறையாக ஒழுங்கமைக்கப்பட்ட பணி, முதலாளி தொழிலாளி கூட்டுறவு, மனிதத் தேவைகளுக்கான பொருள் அல்லது சேவை ஆகியவை இருந்தால் அது தொழிலே, இலாப நோக்கம் இல்லாமை ஒரு பொருட்டன்று என்று விரிந்த பொருள் தந்த அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர். 1957இல் கேரளத்தில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர் அவர். அத்தீர்ப்பால் பெரிய கிளப்புகளின் தொழிலாளர்களுக்கும் சட்டத்தின் கதவு திறந்தது.

அந்தக் கதவை மீண்டும் சாத்தும் முயற்சிகள் நடந்து வருகின்றன. 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பு மறுபரிசீலனைக்கென ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு 2017இல் அனுப்பப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொகுப்புகளில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பு, அறப்பணி, சமூகப்பணி, கொடைப்பணி ஆகியவற்றில் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற வரையறையிலிருந்து நீக்குகிறது. ஒன்றிய அரசு அறிவிக்கும் வேறெந்தச் செயற்பாட்டையும் அவ்வாறே நீக்கலாம் எனவும் கூறுகிறது. நிலையாணைகள் கட்டாயமாவதற்கான தொழிலாளர் எண்ணிக்கையையும் அது 300 ஆக உயர்த்திவிட்டது. ஒரு கோல்ஃப் கிளப்பில் 300 தொழிலாளர்கள் பதிவேட்டில் இருப்பது அரிது. பணிமூப்பு, விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை ஆகிய எதற்கும் எழுதப்பட்ட விதி இல்லாமல் அவர்கள் மேலாளரின் விருப்பத்துக்கு விடப்படுகின்றனர்.

பை சுமக்கும் தோள்

ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடப்பவரை ஆங்கிலத்தில் 'கேடி' என்கிறார்கள். தமிழில் அச்சொல் காவல் நிலையப் பதிவேட்டை நினைவூட்டி அவரை அவமதிக்கும் என்பதால், இங்கு 'பை சுமப்பவர்' என்றே குறிக்கிறோம். பந்தின் போக்கை அளந்து சொல்வதும், காற்றின் திசையைக் கணிப்பதும், எந்த மட்டையை எடுக்கலாம் என ஆலோசனை கூறுவதும் அவரது வேலை. பொதுவாக அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்பதே கூலி. மழை பெய்தால் ஆட்டமில்லை, ஆட்டமில்லையேல் கூலியுமில்லை. கிளப் அவருக்கு அடையாள வில்லை தருகிறது, சீருடை அணியச் சொல்கிறது, கூலியை நிர்ணயிக்கிறது, தவறினால் வாயிலுக்கு வெளியே நிறுத்துகிறது. வருங்கால வைப்பு நிதியும் ஈட்டுறுதி மருத்துவமும் கேட்டால், அவர் எங்கள் ஊழியர் அல்லர், ஆட்டக்காரரின் உதவியாளர் என்கிறது. செயலி வழியே உணவு கொண்டு செல்லும் இளைஞருக்கு இன்று கூறப்படும் 'கூட்டாளி' என்ற சொல்லின் பழைய வடிவம் இதுவே.

இப்போது அவர் இடத்துக்கு மின்கல வண்டி வருகிறது. வண்டி வாடகை கிளப்புக்கு வருவாய். பை சுமப்பவரின் கூலியில் கிளப்புக்குப் பங்கில்லை. ஆகவே வண்டியைக் கட்டாயமாக்குவதில் நிர்வாகத்துக்கு ஆர்வம் மிகுதி. எந்திரத்தை நாம் பகையாகக் கருதவில்லை. தோள் நோகச் சுமப்பதிலிருந்து ஒருவர் விடுபடுவது நல்லதே. விடுபட்டவர் மறுநாள் எதை உண்பார் என்பதற்கு விடையளிக்காமல் வண்டியை வாங்குவதே நம் எதிர்ப்புக்கு உரியது.

புல்லைப் பேணும் தொழிலாளியின் நிலை இதனினும் கவலைக்குரியது. பந்து தடையின்றி உருள வேண்டிய குழிமேடைகளில் புல் சில மில்லிமீட்டர் உயரத்துக்கே வெட்டப்படுகிறது. அவ்வளவு குட்டையான புல் நோய்க்கும் பூச்சிக்கும் எளிதில் இரையாகும். ஆதலால் பூஞ்சைக்கொல்லியும் களைக்கொல்லியும் இடைவிடாது தேவைப்படுகின்றன. அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் பகுதிகளில் நடந்து 2025இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று, கோல்ஃப் மைதானத்திலிருந்து ஒரு மைலுக்குள் வாழ்வோருக்கு, ஆறு மைலுக்கு அப்பால் வாழ்வோரைவிட நடுக்குவாத நோய்க்கான வாய்ப்பு 126 விழுக்காடு மிகுதி எனக் கண்டது. இது ஒரு தொடர்பு மட்டுமே. பூச்சிமருந்துதான் காரணம் என அவ்வாய்வு நிறுவவில்லை. எனினும், ஒரு மைலுக்கு அப்பால் இருப்பவரைப் பற்றி ஆராயும் உலகில், தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு அப்புல்லின் மீதே நடக்கும் இந்தியத் தொழிலாளிக்கு முகக்கவசமும் கையுறையும் ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனையும் கேட்பது பேராசை ஆகாது.

நீரின் கணக்கு

தண்ணீரைப் பொறுத்தவரை பள்ளிக் கணிதமே போதுமானது. ஒரு எக்டேர் நிலத்தின் மீது ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது 10,000 லிட்டர். கோடையில் புல் வாடாதிருக்க நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் தேவை எனக் கொள்வோம். பதினெட்டுக் குழி மைதானமொன்றில் 30 எக்டேர், அதாவது சுமார் 75 ஏக்கர், நீர் பாய்ச்சும் பரப்பு எனக் கொண்டால், ஒரு நாள் செலவு 15 இலட்சம் லிட்டர். ஊரகக் குடும்பங்களுக்கு ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அந்த அளவில் ஏறத்தாழ 27,000 பேருக்குரிய நீர் அது.

2024 மார்ச்சில் பெங்களூரு தண்ணீரின்றித் தவித்தது. தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்துவோருக்கு 5,000 ரூபாய் தண்டம் என நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது. இத்தகைய நேரங்களில், நாங்கள் சுத்திகரித்த கழிவுநீரையே பாய்ச்சுகிறோம் எனக் கிளப்புகள் விடையளிப்பதுண்டு. உண்மையில் அவ்வாறு செய்வோரைக் குறை கூறோம். குடிநீரையும் நிலத்தடி நீரையும் உறிஞ்சுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆயினும் சுத்திகரித்த நீருக்கும் உரிமை கோருவோர் பலர் உளர். பெங்களூருவின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு 2018 முதல் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்குக் கொண்டு செல்லப்படுகிறது. அந்நீர் எத்தனை முறை சுத்திகரிக்கப்பட வேண்டும், எந்த ஏரிக்கு எவ்வளவு என்பன அங்கு உழவர்களின் கேள்விகள். நகரம் கழித்த நீரும் இன்று பொதுச் சொத்தாகிவிட்டது. அதனை யாருக்கு, எவ்வளவு, என்ன விலைக்கு வழங்குவது என்பதை மக்கள் மன்றங்கள் முடிவு செய்ய வேண்டும்.

விளையாட்டின் மீது பகையா?

விளையாட்டின் மீதே நமக்கு வெறுப்பு எனச் சிலர் குற்றஞ்சாட்டக்கூடும். அவர்கள் கோல்ஃபின் பிறந்தகத்தைச் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து மைதானம் கடலோரப் பொதுநிலத்தில் தோன்றியது. ஆடு மேய்ந்த இடம் அது; நகர மக்கள் துணி உலர்த்தவும் நடக்கவும் உரிமை பெற்றிருந்த இடம். 1797இல் கடனில் மூழ்கிய நகராட்சி அதனை விட்டுக்கொடுக்க, முயல் வளர்க்கும் வணிகர்களின் கைக்கு அது போயிற்று. ஊர் மக்கள் அவர்களோடு பல்லாண்டு வழக்காடினர். 1894இல் நகராட்சி அந்நிலத்தை மீண்டும் வாங்கியது. 1974இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே ஒரு பொது அறக்கட்டளை அமைக்கப்பட்டது. உலகப் புகழ் பெற்ற அந்தப் பழைய மைதானம் இன்றும் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு மூடப்பட்டு, யார் வேண்டுமானாலும் உலாவும் பூங்காவாகிறது. அங்கு ஆட்டமும் நடக்கிறது, பொதுமக்கள் உரிமையும் நிலைத்திருக்கிறது.

நம் நாட்டிலும் திறமைக்குக் குறைவில்லை. 1991இல் இந்திய ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் பை சுமந்து ஆட்டம் கற்றவர். 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து அப்பட்டத்தைக் கைப்பற்றிய எஸ்.எஸ்.பி. சௌராசியா, கல்கத்தா கிளப்பின் புல்வெளிப் பராமரிப்பாளர் ஒருவரின் மகன். வேலியின் இடுக்கில் நுழைந்து கற்றவர்களே இவ்வளவு சாதித்தார்கள் எனில், வாயில் திறந்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்! டெல்லி வளர்ச்சி ஆணையம் லாடோ சராயில் கட்டணம் செலுத்தி யாரும் ஆடக்கூடிய மைதானத்தை நடத்தி வருகிறது. உறுப்பினர் சீட்டில்லாமல் ஆட வழியுண்டு என்பதற்கு அது சான்று. ஆயினும் கட்டணத்தைச் செலுத்த வல்லவர் எத்தனை பேர் என்ற கேள்வி அங்கும் எஞ்சி நிற்கிறது.

தடை போட்டால் போதுமா என்பதற்குச் சீனத்தின் பட்டறிவு விடை தருகிறது. விளைநிலத்தையும் நீரையும் காக்கும் பொருட்டு 2004இல் அந்நாடு புதிய மைதானங்களுக்குத் தடை விதித்தது. அதன் பின் வந்த பத்தாண்டுகளில் மைதானங்கள் மும்மடங்காயின. சூழல் பூங்கா, ஓய்வு விடுதி, விளையாட்டு மையம் என்ற பெயர்களில் உள்ளூர் அதிகாரிகளின் துணையோடு அவை எழுந்தன. 2017இல் மைய அரசு நேரடியாகத் தலையிட்டு 111 மைதானங்களை மூடியது. பெயரைத் தடை செய்தால் வேறு பெயர் பிறக்கும். நிலத்தையும் நீரையும் அளந்து ஊரறியச் செய்தால் எந்தப் பெயராலும் மறைக்க இயலாது.

கிண்டி காட்டும் வழி

சென்னை கிண்டியில் 160 ஏக்கர் அரசு நிலம் குதிரைப் பந்தய நிறுவனத்துக்கு 1945இல் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். அந்நிலத்தின் நடுவே ஜிம்கானாவின் கோல்ஃப் மைதானமும் இயங்கியது. வாடகை உயர்த்தப்பட்டும் செலுத்தப்படாத நிலையில், 730 கோடி ரூபாய் நிலுவையைக் கட்டுமாறு 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை நீக்கி நிலத்தைக் கையகப்படுத்தியது. வழக்குகள் தொடர்ந்தபோதிலும், வேளச்சேரியின் வெள்ளநீரைத் தேக்குவதற்கு அங்குக் குளங்கள் வெட்டப்பட்டன. பெரும்பகுதியில் பொதுப் பூங்கா அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. நீர் இறைத்த நிலம் நீர் தேக்கும் நிலமாவது காண மகிழ்ச்சியே. கையகப்படுத்தியதோடு கடமை முடியவில்லை. அங்கு உழைத்துப் பிழைத்தோருக்கு மாற்று வேலை என்ன என்பதையும், திரும்பப் பெற்ற நிலம் வேறொரு பெயரில் வேறொரு நிறுவனத்துக்குச் செல்லாதிருப்பதையும் விழிப்போடு கண்காணிக்க வேண்டும்.

கிண்டியில் நிகழ்ந்தது பிற நகரங்களிலும் நிகழ இயலாததன்று. அதற்கு நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் வருமாறு:

ஒன்று: அரசு, இராணுவம், இரயில்வே, துறைமுகம், பொதுத்துறை நிறுவனம் ஆகியவற்றின் நிலத்தில் உள்ள ஒவ்வொரு கோல்ஃப் மைதானத்தின் பரப்பு, குத்தகைக் காலம், வாடகை, நிலுவை ஆகியவை பொதுப் பதிவேட்டில் வெளியிடப்பட வேண்டும். குத்தகை முடிவுறும்போது மக்கள் மன்றத்தின் ஒப்புதலின்றிப் புதுப்பிக்கக் கூடாது.

இரண்டு: நீர்மானி பொருத்தாத மைதானம் இயங்க அனுமதிக்கக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடிநீரையும் புல்லுக்குப் பாய்ச்சுவது தடுக்கப்பட வேண்டும். சுத்திகரித்த நீருக்கு உரிய விலை பெற வேண்டும்.

மூன்று: பை சுமப்போர், புல்வெளிப் பராமரிப்பாளர், களை பறிக்கும் பெண்கள், சமையலறைப் பணியாளர் அனைவரும் கிளப்பின் தொழிலாளர்களாகப் பதிவு செய்யப்பட்டு, குறைந்தபட்ச ஊதியமும் வைப்பு நிதியும் ஈட்டுறுதியும் பெற வேண்டும். எந்திரங்களைப் புகுத்துமுன் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு காண வேண்டும். கிளப்புகளைத் 'தொழில்' என்ற வரையறைக்கு வெளியே தள்ளும் எந்த அறிவிக்கையும் வரக்கூடாது; தொழிலாளர் விரோதத் தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும்.

நான்கு: பொதுநிலத்தில் உள்ள மைதானங்கள் வாரத்தில் ஒரு நாளேனும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தர வேண்டும்.

இவை தாமாகக் கிட்டிவிடா. டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூருவிலும் வாழும் நம் தோழர்கள் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். உங்கள் பகுதியில் உள்ள மைதானம் யாருடைய நிலத்தில் இருக்கிறது? ஆண்டு வாடகை எவ்வளவு? நீர் எங்கிருந்து வருகிறது? எத்தனை பேர் அங்கு உழைக்கின்றனர்? அவர்களில் எத்தனை பேரின் பெயர் ஊதியப் பதிவேட்டில் உள்ளது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரசு அலுவலகங்களிடம் இக்கேள்விகளை எழுப்புங்கள். அதனோடு நிறுத்தாமல், விடியற்காலையில் மைதானத்தின் பின்வாயிலில் காத்து நிற்கும் தொழிலாளர்களிடம் சென்று பேசுங்கள். அலுவலகத்தின் விடை வர முப்பது நாள் ஆகும். அவர்களின் விடை அன்றே கிடைக்கும். அவர்களை ஒரு சங்கத்தில் திரட்டுவதிலிருந்தே இக்கோரிக்கைகளுக்கு வலிமை பிறக்கும்.